மட்டக்களப்பிலிருந்து வேளாங்கண்ணிக்கும் தென்கரைத் தலங்களுக்கும்: யாத்திரைக்கு வருகிறவர்கள் கேட்பவை

மார்கழி பிறந்தால் போதும், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போதே “ரீச்சர், இந்த முறை போறீங்களா?” என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரே பதிலை இருபது பேருக்குச் சொல்லி எனக்கும் தொண்டை வற்றிவிட்டது. அதனால் இத்தனை வருடமாகக் கேட்டவற்றை எல்லாம் எழுதி வைத்துவிட்டேன். பெயர் கொடுக்க முன்னர் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

எங்கே போகிறோம், எத்தனை நாள்?

ஜனவரி 28 இரவு இங்கிருந்து வெளிக்கிடுகிறோம். 29 விடிய கட்டுநாயக்கவில் விமானம் ஏறிச் சென்னை. அங்கே இரண்டு இரவு, வேளாங்கண்ணியில் மூன்று இரவு, பூண்டியில் ஒன்று, தூத்துக்குடியில் இரண்டு, நாகர்கோவிலில் ஒன்று. பெப்ரவரி 7 திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி வீடு. போன வழியே திரும்பி வராததால் பஸ்ஸில் ஒரு முழுநாள் மிச்சம்.

ரோமாபுரி இருக்கிறது, புனித நாடு இருக்கிறது. ஏன் பக்கத்திலிருக்கிற இந்தியா?

அங்கே போக வசதியுள்ளவர்கள் கட்டாயம் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் குழுவில் பெரும்பாலோர் ஓய்வூதியக்காரர், கடலுக்குப் போகிறவர்கள், பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசைச் சேர்த்து வைத்த தாய்மார். அவர்களுக்கு எட்டும் தூரம் இது.

காசு மட்டும் காரணமில்லை. 1544இல் மன்னாருக்கு ஒரு குருவானவரை அனுப்பிவைத்த பிரான்சிஸ் சவேரியார் அந்த நேரம் நின்றது அக்கரையில், முத்துக்குளித்துறைப் பரதவர் மத்தியில். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே கத்தோலிக்கக் குருமார் தடை செய்யப்பட்டிருந்தபோது யோசேவாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் தோணி ஏறியது தூத்துக்குடியில், 1687இல். நம் விசுவாசம் இங்கே வந்து சேர்ந்த வழி அந்தக் கரைதான். போதாததற்கு அங்கே தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். வேறு பாஷைக் கோயிலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பாவம் சொல்ல முடியுமா?

வேறு குழுக்கள் ஒரே கிழமையில் பதினைந்து, இருபது கோயில் காட்டுகிறார்களே. நீங்கள் ஏன் இவ்வளவு குறைவாக?

நாங்களும் முன்னர் அப்படித்தான் ஓடினோம். ஏழு நாளில் பதினேழு கோயில். மூன்றாம் நாளுக்குப் பிறகு யாருக்கும் எது எந்தக் கோயில் என்று தெரியவில்லை. இறங்கு, படம் எடு, மெழுகுதிரி கொளுத்து, ஏறு. திரும்பி வந்து வீட்டில் படங்களைக் காட்டும்போது “இது பூண்டியா, தஞ்சாவூரா?” என்று என்னிடமே போன் எடுத்துக் கேட்டார்கள். அந்தப் பயணத்தில் ஒரு வயதான அம்மா ஓரிடத்தில் முழந்தாளிட்டு அழுதுகொண்டிருக்கையில், பஸ் ஹோன் அடிக்கிறது என்று அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்தவள் நான்தான். அது இன்றைக்கும் எனக்குக் குத்துகிறது.

அன்றிலிருந்து இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்டினோம். கோயில் கணக்கு வேண்டியவர்களுக்கு மற்றக் குழுக்கள் இருக்கின்றன, அங்கே போனாலும் எனக்குக் கோபமில்லை.

ஏன் தை மாதக் கடைசி? செப்டெம்பர் 8 பெரிய திருநாளுக்கே போகலாமே?

போகலாம். ஓகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டெம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கால் வைக்க இடமில்லை. காவி உடுத்து நடந்து வருகிறவர்களின் கூட்டம் அது. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் முப்பது பேரை, அதிலும் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்களை, அந்த நெரிசலுக்குள் கொண்டு போய்த் தேடிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. நமக்கும் அந்தக் கிழமைகளில் ஆயித்தியமலை மாதா பெருநாள் இருக்கிறது, சொறிக்கல்முனைத் திருச்சிலுவைப் பெருநாள் இருக்கிறது.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு கரையிலும் மாரி. தை கடைசியில் மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. இன்னுமொரு வசதி: பெப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள், மெழுகுதிரிப் பவனியோடு வேளாங்கண்ணியில் கிடைக்கிறது. பெப்ரவரி 4 ஓரியூரில் நிற்போம். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

காங்கேசன்துறையிலிருந்து கப்பல் ஓடுகிறதே, அதில் போனால் மலிவில்லையா?

மலிவுதான், ஆசையும்தான். நாகபட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் வந்துவிடும். ஆனால் நாம் இருப்பது யாழ்ப்பாணத்தில் இல்லை. இங்கிருந்து காங்கேசன்துறைக்கே ஓர் இரவுப் பயணம். அதோடு 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பல் காலநிலையால் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்ட்டில்தான் மறுபடி ஓடியது. கடல் குழம்பினால் பயணம் நிற்கும். தனியாகப் போகிறவர் இரண்டு நாள் காத்திருக்கலாம், முப்பது பேருக்கு அறை பதிந்துவிட்டுக் காத்திருக்க முடியாது.

பாஸ்போட், விசா?

நாம் திரும்பி வரும் திகதியிலிருந்து பாஸ்போட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். பாஸ்போட் இல்லாதவர்கள் இன்றைக்கே அலுவலைத் தொடங்குங்கள். கடைசி மாதத்தில் ஓடி வந்தால் நான் மாதாவிடம்தான் சொல்லலாம்.

விசா இணையத்தில் விண்ணப்பிப்பது. அதை நாங்களே நிரப்பித் தருவோம். வெள்ளைப் பின்னணியில் எடுத்த படமும், பாஸ்போட் முதல் பக்கத்தின் தெளிவான பிரதியும் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெயர் பாஸ்போட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஊரில் கூப்பிடுவது இன்னொன்று. ஒருவர் தன் பெயரை அந்தோனிப்பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸ்போட்டைத் திறந்தால் அப்பாவின் பெயர் முன்னுக்கு நிற்கிறது, அந்தோனியைக் காணவே இல்லை. அதனால் வாயால் சொல்லும் பெயரை நான் இப்போது எழுதுவதில்லை.

எவ்வளவு காசு?

தொகையை இதில் எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். டிக்கெட் விலையும் இந்திய ரூபாயின் மதிப்பும் ஏறி இறங்குவதால், பெயர் கொடுத்தவர்களின் கூட்டத்தில் அன்றைய கணக்கை ஒரு தாளில் பிரித்து எழுதிக் கையில் தருவோம். டிக்கெட், விசா, பஸ், அறை, காலை உணவு, இரவு உணவு அதற்குள் அடங்கும். மத்தியானச் சாப்பாடு, காணிக்கை, உங்கள் கடைச் செலவு அடங்காது.

மூன்று தவணையாகக் கட்டலாம். முழுக்காசையும் முதலிலேயே வாங்கமாட்டோம். அதற்கு ஒரு கதை உண்டு. முதல் முறை நாங்கள் ஒரு முகவரை நம்பி எல்லாரது காசையும் ஒரேயடியாகக் கட்டினோம். போக ஒரு கிழமை இருக்கும்போது டிக்கெட் விலை ஏறிவிட்டது என்றார், பிறகு போன் எடுப்பதை விட்டுவிட்டார். பாதிதான் திரும்பி வந்தது. அந்த வருடம் யாத்திரையே நடக்கவில்லை. இப்போது டிக்கெட் பதிந்த தாளைக் கண்ணால் கண்ட பிறகுதான் இரண்டாம் தவணை கேட்போம்.

சென்னையில் என்ன பார்ப்போம்? எனக்கு முழங்கால் வருத்தம், மலை ஏறமாட்டேன்.

அப்போஸ்தலர் தோமாவின் தடம் மூன்று இடத்தில். சின்னமலையில் அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை. பரங்கிமலையில் அவர் குத்துப்பட்டு இறந்ததாக மரபு. சாந்தோமில் அவரது கல்லறை. கி.பி. 72இல் இறந்தார் என்று பாரம்பரியமாகச் சொல்லி வருகிறார்கள். இப்போது நிற்கும் சாந்தோம் பேராலயம் 1896இல் கட்டி முடிந்தது. மேலே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள்; கல்லறை கீழே இருக்கிறது, அதற்கு வேறு வாசல். நிலத்துக்கடியில் குளிர்ச்சியான சிறிய அறை. அங்கே அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம்.

பரங்கிமலைக்கு நூற்றுக்கு மேற்பட்ட படிகள். அவற்றைக் கட்டுவித்தவர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி, 1726இல். ஆனால் உச்சிக்கு வாகனப் பாதையும் உண்டு. முழங்கால்காரர் எல்லாரையும் வண்டியில் ஏற்றிவிடுவோம். போன முறை படியேறியவர்களுக்கு முன்னர் அவர்கள்தான் மேலே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேளாங்கண்ணியில் மூன்று இரவு எதற்கு? ஒரு நாள் காணாதா?

காணாது. முதல் நாள் நீங்கள் களைப்பில் இருப்பீர்கள், சென்னையிலிருந்து பஸ்ஸில் ஒரு முழுப்பகல். அன்று மாதாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் தனித்தனியாக உங்கள் பாட்டில் போகலாம். மூன்றாம் நாள்தான் குழுவாகச் செய்வது.

அங்கே மாதா செய்ததாகச் சொல்லும் மூன்று புதுமைக் கதைகளும் மூன்று இடங்களில் நடந்தவை, அவற்றை நடந்து பார்க்க வேண்டும். பால் கொண்டு போன பையன் குளத்தடியில் பிள்ளையைக் கையிலேந்திய அம்மாவைக் கண்டது மாதா குளத்தில். மோர் விற்ற கால் ஊனமான பையன் எழுந்து ஓடியது நடுத்திட்டில். புயலில் அகப்பட்ட போர்த்துக்கேய மாலுமிகள் செப்டெம்பர் 8 அன்று கரையேறியது மூன்றாவது. கவனித்துப் பார்த்தால் மாதா வந்தது பால்காரப் பையனிடம், மோர்க்காரப் பையனிடம், கரை தெரியாமல் தவித்த கடலோடிகளிடம். பெரிய ஆள் ஒருவரும் கதையில் இல்லை. பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1962இல் இதைப் பேராலயமாக உயர்த்தினார், ஆனால் எனக்கு இன்றைக்கும் பிடித்த இடம் மாதா குளத்தடிதான்.

முழந்தாளில் போக வேண்டுமா? மொட்டை அடிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. நேர்த்தி வைத்தவர்கள் மணல் பாதையில் மாதா குளம் வரைக்கும் முழந்தாளில் போகிறார்கள், சிலர் தலைமுடி கொடுக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் செய்கிறார் என்று நீங்களும் தொடங்கிப் பாதியில் நிற்கவேண்டாம். சீனி வருத்தக்காரர் முழந்தாளில் போகவே கூடாது, காயம் ஆறாது. மாதா கோபிக்கமாட்டா.

கடற்கரைக்குப் போவோமா?

போவோம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு வந்த யாத்திரிகர்கள் வேளாங்கண்ணிக் கரையில் நிறைந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே போனார்கள். அதே காலையில் இங்கே நாவலடி, டச்பார், கல்லாறு, கல்முனை. எங்கள் குழுவில் ஒவ்வொரு முறையும் அந்தக் கடலில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள். அங்கே போய் நிற்கும்போது அவர்களுக்குத் தெரிகிறது, எதிர்க்கரையிலும் அதே நேரத்தில் அதே ஓலம் எழுந்திருக்கிறது என்று. பின்னேரம் அங்கே ஒரு செபமாலை சொல்வோம், நீட்டிப் பேசமாட்டோம்.

ஒரு வேண்டுகோள். கடல் பேராலயத்துக்குள் வரவில்லை, அது புதுமை என்று அங்கே பலரும் சொல்வார்கள். நீங்கள் நம்பலாம். ஆனால் பஸ்ஸுக்குள் அந்தக் கதையை எடுக்கவேண்டாம். நாவலடியில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த தாய் ஒருவர் எங்களோடு வந்தார். கோயிலைக் காத்தவ என் வீட்டை ஏன் பார்க்கவில்லை என்று அவர் கேட்டபோது எனக்கும் பதில் வரவில்லை, சுவாமிக்கும் வரவில்லை. மற்றவர்கள் போன பிறகும் சுவாமி அவரோடு மணலில் இருட்டும் வரை இருந்தார்.

பூண்டியில் என்ன விசேஷம்?

மாதா கோயில்தான், அமைதியான ஊர். வேளாங்கண்ணிக் கூட்டத்துக்குப் பிறகு மனம் இறங்கி உட்காரும். நான் உங்களைக் கூட்டிப் போக ஆசைப்படுவது கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள ஏலாக்குறிச்சிக்கு. தமிழ் படிப்பித்தவள் என்பதால் என் சுயநலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். சூசையப்பரின் கதையை 3615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடியவர் அவர். எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் இன்று நாம் வேறுபடுத்தி எழுதுவதும் அவர் செய்த திருத்தத்தால்தான். “ஏசு” என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நன்றி கடன் இருக்கிறது. வகுப்பு எடுக்கமாட்டேன், பத்து நிமிடம்தான்.

பெப்ரவரி 4 ஓரியூர் என்றீர்களே?

அருளானந்தர் அங்கே தலை வெட்டுண்டது 1693 பெப்ரவரி 4. லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த போர்த்துக்கேயப் பிள்ளை, ஜோன் டி பிரிட்டோ. மறவர் நாட்டுக்கு வந்து காவி உடுத்து, மச்சம் மாமிசம் விட்டுப் பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். ஒரு தடவை பிடித்து வதைத்து நாடு கடத்தினார்கள். லிஸ்பனில் இருந்துவிடலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். மறுபடியும் கப்பலேறி வந்தார்.

இறந்ததற்குக் காரணம் ஒரு கலியாணக் கணக்கு. தடியத்தேவர் என்ற சிற்றரசர் வேதத்துக்கு வந்ததும், ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் நாட்டு அரசர் சேதுபதிக்கு உறவு. அங்கேயிருந்து விஷயம் வாள் வரைக்கும் போய்விட்டது. அந்தப் பெண்ணை நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கும், அவளுக்கு யார் கோயில் கட்டினார்கள்? சரி, அது என் பாடு.

அங்கே மண் சிவப்பு. அவரது இரத்தம் என்று நெற்றியில் பூசுவார்கள். 1947இல் அவரைப் புனிதராக்கினார்கள். பெப்ரவரி 4 நம் நாட்டில் சுதந்திர தினம், லீவு. ஒரு தடவை குழுவில் ஒருவர் சிங்கக் கொடியைப் பையில் கொண்டு வந்து பஸ்ஸில் கட்டப் பார்த்தார். தயவு செய்து வேண்டாம்.

தூத்துக்குடியில் இரண்டு இரவா?

ஒன்று பனிமய மாதாவுக்கு, மற்றது மணப்பாட்டுக்கு. பனிமய மாதாவின் சுருவம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது அங்குள்ளோர் மரபு. அதன் முன் நிற்கும்போது யோசேவாஸ் முனிவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவர் நம்மிடம் வரத் தோணி ஏறிய ஊர் இது. காலிமுகத்திடலில் 2015 ஜனவரி 14 அன்று அவரைப் புனிதராக்கியபோது இங்கிருந்து போன பஸ்களில் நானும் இருந்தேன்.

மணப்பாடு கடலுக்குள் நீண்ட ஒரு மணல் குன்று. புயலில் முறிந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை நட்ட இடம் என்பார்கள். மேலே திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கிச் செபித்த குகை. 1542இல் வந்தவர் அவர். சொறிக்கல்முனை ஆட்களுக்கு இது சொந்த ஊர் மாதிரி இருக்கும், அங்கேயும் பெருநாள் செப்டெம்பர் 14தான்.

கடைசி நாள் நாகர்கோவிலில் யாரைப் பார்க்க?

தேவசகாயம்பிள்ளையை. 2022 மே 15இல்தான் புனிதராக்கினார்கள், ஆதலால் பழைய ஆட்கள் பலருக்குத் தெரியாது. குருவானவர் அல்ல, துறவியும் அல்ல. 1712இல் நட்டாலத்தில் நீலகண்டபிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த குடும்பக்காரர்.

மட்டக்களப்பாருக்கு இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அவருக்கு வேதத்தைச் சொன்னவர் டிலனாய், ஒல்லாந்தர் படைத் தளபதி. 1741இல் குளச்சலில் தோற்றுக் கைதியானவர். அந்தப் படை போனது இலங்கையிலிருந்து. நம் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துக்கொண்டு, கத்தோலிக்கரைத் துரத்திய அதே ஒல்லாந்தர். அவர்களுடைய சம்பளத்தில் போன ஒரு கத்தோலிக்கன் கைதியாகி, யோபுவின் கதையைச் சொல்லி, ஓர் அரண்மனை அதிகாரியைப் புனிதராக்கிவிட்டான். புளியந்தீவில் கோட்டை மதிலோரம் நடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.

1745இல் ஞானஸ்நானம். பிறகு எருமையில் பின்பக்கமாக இருத்தி ஊரூராகக் கொண்டு போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டார்கள். அங்கே தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறை இருக்கிறது, எல்லாரும் தட்டிப் பார்க்கலாம். உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில். நம் கடைசிப் பூசை அங்கேதான்.

ஒவ்வொரு நாளும் பூசை உண்டா?

உண்டு. நம்மோடு ஒரு சுவாமி வருகிறார். அவர் குருவானவர் என்பதற்கு ஆயர் இல்லக் கடிதமும் கையில் இருக்கும், இல்லாவிட்டால் வெளியூர்க் கோயிலில் பீடம் தரமாட்டார்கள். பாவசங்கீர்த்தனத்தை வேளாங்கண்ணியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சுவாமியிடம் சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

நாங்கள் சைவர்கள். மாதாவுக்கு நேர்த்தி இருக்கிறது. வரலாமா?

தாராளமாக. ஒவ்வொரு முறையும் நாலைந்து பேர் வருகிறார்கள். நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் நிற்கவேண்டாம், மற்ற எல்லாவற்றிலும் சேரலாம். கல்முனையில் என் அடுத்த வீட்டு ராத்தா ஒருவர், நாகூர் தர்கா பக்கத்தில்தானே, எனக்காக அங்கேயும் ஒரு தரம் போவீர்களா என்று கேட்டார். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடி ஏறுவது உங்களுக்குத் தெரியும். இப்போது வேளாங்கண்ணியிலிருந்து விரும்பியவர்களுக்கு நாகூருக்கு ஒரு வான் விடுகிறோம். வான் எப்போதும் நிறைந்துதான் போகிறது.

சாப்பாடு?

இட்லி, தோசை, பொங்கல், மறுபடி இட்லி. ஐந்தாம் நாள் யாராவது ஒருவர் “ஒரு பிட்டும் கொஞ்சம் எருமைத் தயிரும் இருந்தால்” என்று தொடங்குவார், பஸ் முழுக்கப் பெருமூச்சு விடும். குழம்பில் தேங்காய்ப்பால் எதிர்பார்க்கவேண்டாம். காற்றுப் போகாமல் அடைத்த சம்பல் போத்தல் ஒன்று பெரிய பாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பையில் வேண்டாம். பிளேன்டீ கேட்டால் விளங்காது. “பால் இல்லாத டீ” என்று கேளுங்கள், ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தருவார்கள்.

எங்கள் தமிழ் அவர்களுக்கு விளங்குமா?

விளங்கும், ஆனால் “கேரளாவா?” என்று கேட்பார்கள். கோபிக்காதீர்கள். அறைத் திறப்பு கேட்டால் முழிப்பார்கள், சாவி என்று சொல்லுங்கள்.

சீனி, பிரஷர் மருந்து?

போகவர வேண்டிய நாளுக்கும் மேலதிகமாக ஒரு கிழமைக்கும் சேர்த்துக் கைப்பையில். பெரிய பாக்கில் போட்டு அது வந்து சேராவிட்டால் என்ன செய்வீர்கள்? வைத்தியரின் மருந்துத் துண்டும் கூட இருக்கட்டும். நடக்கக் கஷ்டமானவர்கள் முன்னரே சொன்னால் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி பதிந்து வைப்போம், அதற்கு வேறு காசில்லை. அண்மையில் நெஞ்சு வருத்தம் வந்தவர், ஒப்பரேஷன் செய்தவர், வைத்தியரின் சம்மதம் எழுத்தில் கொண்டு வர வேண்டும். இதில் நான் இரக்கம் பார்ப்பதில்லை.

காசு மாற்றுவது, போன்?

டொலர் கொண்டு வாருங்கள், சென்னையில் அங்கீகாரமுள்ள இடத்தில் எல்லாருக்கும் சேர்த்து மாற்றுவோம். அங்கே பெட்டிக்கடையிலும் போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறார்கள். அதை நம்பி வராதீர்கள், பத்து, இருபது ரூபாய்த் தாளாகச் சில்லறை வைத்திருங்கள். வீட்டோடு கதைக்க அறையில் வைஃபை இருக்கும். நம் சதுரப்பின் சார்ஜர் அங்கே ஏறாது, உருண்டைப் பின் மாற்றி ஒன்று வாங்கி வாருங்கள்.

தனி அறை கிடைக்குமா?

மேலதிகமாகக் கட்டினால் கிடைக்கும். மற்றப்படி இருவருக்கு ஓர் அறை. குறட்டை விடுகிறவர்கள் உண்மையைச் சொல்லிவிடுங்கள், குறட்டைக்காரரைக் குறட்டைக்காரரோடு போட்டுவிடுகிறேன். சண்டை இல்லை.

சாறி எடுக்க நேரம் தருவீர்களா?

எப்போது இந்தக் கேள்வி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை தி. நகரில் மூன்று மணித்தியாலம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. பாக்கின் நிறைக்கு மேல் வந்தால் மேலதிகக் காசு உங்களுடையது.

ஓரியூர் மண், மாதா எண்ணெய் கொண்டு வரலாமா?

எண்ணெய், தீர்த்தம் எல்லாம் பெரிய பாக்கில், இறுக்கி மூடி. மண்ணை விடுங்கள். வெளிநாட்டு மண்ணும் செடியும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு, கட்டுநாயக்கவில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. நெற்றியில் பூசியது போதும்.

வர முடியாதவர்கள் வேண்டுதல் கொடுத்துவிடலாமா?

கொடுங்கள். கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன், அதில் பெயரும் கருத்தும் எழுதுவேன். மகளுக்கு வரன், மகனுக்கு விசா, காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஏதாவது செய்தி. இந்த மூன்றாவதுதான் கூட வரும். 1990இல் போன பிள்ளைக்காக இன்றைக்கும் எழுதச் சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். பெப்ரவரி 2 இரவு மெழுகுதிரிப் பவனி முடிந்த பிறகு மாதா குளத்தடியில் ஒவ்வொரு பெயராக வாசிப்போம். போன முறை ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. யாரும் எழுந்து போகவில்லை.

எங்கே, எத்தனை மணிக்குக் கூடுவது?

28 பின்னேரம் 5 மணிக்குக் கல்முனையிலிருந்து பஸ் வெளிக்கிடும். சொறிக்கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் அங்கே ஏறலாம். கல்லாறு, களுவாஞ்சிக்குடி வழியில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டி 7 மணிக்கு நம் கோயில் வளவு. சுவாமி ஆசீர்வாதம் தந்ததும் பஸ் நகரும். ஏழு என்றால் ஏழு. இரவுச் சாப்பாட்டுப் பார்சல் உங்கள் வீட்டிலிருந்து.